ராணி பார்ட்டுக்கு ஆள் வேண்டும்

எங்கள் தோட்டத்து நாடகத்தை இன்னொரு தடவை மேடையேற்றலாமா என்று வாட்சப் குழுவில் கேட்டார்கள். வேண்டாம் என்று எழுதினேன். குழுவிலேயே வேண்டாம் என்று எழுதிய ஒரே ஜீவன் நான்தான். மற்றவர்கள் எல்லாரும் கும்பிடுகிற கைகளையும் கண்ணீர் விடுகிற மூஞ்சிகளையும் வரிசையாக அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் பழைய மேடைப் படம் ஒன்றைத் தேடிப்பிடித்துப் போட்டார். அதில் ராஜாவுக்கு இடுப்புக்கு மேலே எதுவுமே தெரியவில்லை. அந்தப் படத்துக்கும் "பொற்காலம்" என்று எழுதினார்கள்.

முதலில் தோட்டமே இப்போது இல்லை. லிங்கிக்கும் ரெம்பாவுக்கும் நடுவே ரப்பர் பால்மரம் நின்ற இடத்தில் எண்ணெய்க்குச் செம்பனை வந்தது, பிறகு அதில் பாதியை அழித்து வீடு கட்டிவிட்டார்கள். நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயங்கள் போய்விட்டன. கோயிலும் அதன் மண்டபமும் மட்டும் நிற்கின்றன. நாங்கள் ராசா, சிரம்பான், கோலாலம்பூர் என்று ஊர் ஊராகச் சிதறிப்போனோம். ஆனாலும் சில வருஷத்துக்கு ஒருமுறை யாருக்காவது திடீரென்று நெஞ்சு கனத்துவிடும். உடனே "நம்ம நாடகத்த போடுவோம் லா" என்று கிளம்பிவிடுவார்கள்.

கதையைச் சொல்கிறேன், நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள். ராஜா வேட்டைக்குப் போவார். சாமியார் ஒருவர் ஆசையாக வளர்த்த மானை அம்புவிட்டுக் கொல்வார். சாமியார் சாபம் கொடுப்பார். ராஜா நின்ற இடத்திலேயே பொத்தென்று விழுந்து சாவார். ராணி ஓடி வந்து வளையலை உடைத்து, தாலியைக் கழற்றிப் பிணத்தின் மேல் வைத்துவிட்டு, நீளமாக ஒரு பாட்டுப் பாடி அழுவாள். கடவுள் மனமிரங்கி வருவார். ராஜா எழுந்து உட்கார்ந்து ராணிக்கு மறுபடி தாலி கட்டுவார், பூவும் குங்குமமும் வைப்பார்கள், எல்லாரும் மங்களம் பாடுவார்கள். ஆக, தப்புச் செய்தது ராஜா, அழுதது ராணி, பிழைத்தது ராஜா. மான் மட்டும் கடைசிவரை எழுந்திருக்காது. சின்ன வயதில் "மான் என்னாச்சு?" என்று கூட்டத்தில் சத்தமாகக் கேட்டு, அம்மாவிடம் தொடையில் நறுக்கென்று ஒரு கிள்ளு வாங்கினேன்.

இந்தக் கதையைத்தான் திரும்பத் திரும்பத் தூசி தட்டுகிறார்கள். ஒரு தடவை காலேஜ் பையன்கள் டிரம் செட் வைத்தார்கள். ராணி அழுதது யார் காதிலும் விழவில்லை. இன்னொரு தடவை ராஜா வேட்டைக்கு மோட்டார் சைக்கிளில் வந்தார். பிரேக் பிடிக்காமல் கடவுள் உட்கார வேண்டிய மலையைச் சாய்த்துவிட்டார். இந்த லட்சணத்தில் பார்த்தவர்கள் எல்லாம் அன்றைக்கும் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் போனார்கள். எனக்கும் பாட்டுகள் அத்தனையும் மனப்பாடம், அதை மறைப்பானேன். பாத்திரம் தேய்த்தால் வாய் தானாகவே மங்களத்தை எடுக்கும்.

நான் வேண்டாம் என்று எழுதிய மறுவாரம் குழுத் தலைவர் ராசாவில் என் வீட்டுக்கு வந்தார். தோட்டத்துக் கணக்கு எழுதிய கிராணி வீட்டுப் பிள்ளை, பேங்கில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். கையில் ஒரு பை ஆப்பிள். எனக்கு அப்போதே புரிந்திருக்க வேண்டும், அந்தக் குடும்பத்தில் யாரும் சும்மா ஆப்பிள் வாங்கிவந்த சரித்திரம் கிடையாது.

"தங்கச்சி, ராணி பார்ட்டுக்கு உங்களத்தான் நெனச்சிருக்கோம்" என்றார்.

"ஏன் அண்ணே?"

"உங்க குரல் இருக்கே..."

"குரல் இத்தன வருஷமாவும் இருந்துச்சே. போன தடவ கேக்கலியே?"

அவர் சுவரைப் பார்த்தார். சுவரில் என் வீட்டுக்காரர் மாலையோடு சிரித்துக்கொண்டிருந்தார். அவர் போய் அப்போது இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

அட, அப்படியா விஷயம் என்று புரிந்தது. அந்தக் காலத்தில் ராணி வேஷம் கட்டியதெல்லாம் ஆம்பிளைகள்தான். ஆட்களை வேலை வாங்குகிற எங்கள் மண்டோர் ஒருத்தர் வருஷக்கணக்காகக் கட்டினார். மீசையை எடுக்க மாட்டார், முந்தானையால் மூடிக்கொண்டே அழுவார். இப்போது எந்தப் பையனும் சேலை கட்டச் சம்மதிக்கவில்லை, வீடியோ எடுத்து மானத்தை வாங்கிவிடுவார்களாம். பொம்பளைகளைக் கேட்டால் ஒவ்வொருத்தியும் கழுத்தைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறாள். புருஷன் உயிரோடு இருக்கும்போது மேடையிலே தாலியைக் கழற்றுவதா? அட்டைத் தாலியாக இருந்தாலும் தாலி தாலிதானே! ஆகவே ஏற்கெனவே கழற்றிவிட்டவளைத் தேடி ஆப்பிளோடு வந்திருக்கிறார்கள். புருஷன் செத்ததற்கு எனக்கு ஒரு தகுதிச் சான்றிதழ்.

எனக்குக் கோபம் வந்தது. கூடவே, சொன்னால் சிரிப்பீர்கள், ஆசையும் வந்தது. அழுகைப் பாட்டின் மேல் இல்லை, கடைசிக் காட்சியின் மேல்.

என்னை யாரும் பூ வைக்காதே என்று சொல்லவில்லை. காலம் மாறிவிட்டது, நானும் முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள், எனக்கு யார் வந்து சட்டம் போடுவது? என் மகள்கூட "வச்சுக்கோம்மா, என்ன இப்ப" என்றுதான் சொல்வாள். ஆனால் பூக்கடைக்காரி என்னைப் பார்த்தால் கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள், நானும் அந்தப் பக்கம் போவதை விட்டுவிட்டேன். அவர் இருந்தவரைக்கும் வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனால் வைப்பேன், இல்லாவிட்டால் அந்த நினைப்பே இருக்காது. போன பிறகு தினமும் வேண்டியிருந்தது. தைரியம்தான் இல்லை. மேடையில் வைத்தால் யாரும் ஒன்றும் சொல்ல முடியாது, நடிப்பு என்று சொல்லிவிடலாம். ஒரே ஒரு தடவை, எல்லார் முன்னாலும், தலை நிறைய.

"முழு பார்ட்டும் எனக்குன்னா வர்றேன்" என்றேன்.

தலைவர் ஆப்பிள் பையைத் தடவினார். "அதுல ஒரு சின்ன சிக்கல். கடைசி சீன்ல தாலி கட்டணும். உங்களுக்கு... அதான், நம்ம ராஜாவுக்கும் சம்சாரம் இருக்கு. பெரியவங்க ஒரு மாதிரி பேசுறாங்க."

கல்யாணமானவள் முதல் பாதியில் நடிக்கக் கூடாது. கைம்பெண் கடைசிக் காட்சியில் நடிக்கக் கூடாது. அப்படியானால் இந்த ராணியைச் சாமிதான் செய்து அனுப்ப வேண்டும். குழு கூடி யோசித்து ஒரு வழி கண்டுபிடித்திருந்தது: இரண்டு ராணி. அழுவதற்கு நான். தாலி கட்டிக்கொள்ள ராஜாவின் சொந்தப் பெண்டாட்டி. பாட்டு முடிந்ததும் விளக்கை அணைப்பார்கள். நான் உள்ளே போக வேண்டும், அவள் சிவப்புச் சேலையோடு வந்து உட்கார்ந்துகொள்வாள்.

"ஒப்பாரிக்கு நானு, மங்களத்துக்கு அவளா?" என்று கத்தினேன். தலைவர் ஆப்பிளை வைத்துவிட்டுக் காருக்குப் போய்விட்டார்.

மூன்று நாள் கழித்துச் சரி என்று சொன்னேன். முழுச் சோறு இல்லையென்றால் அடிச்சோறாவது கிடைக்கட்டும் என்ற புத்திதான்.

ஒத்திகை ராசாவில் ஒரு கல்யாண மண்டபத்தின் பின் அறையில் நடந்தது. ராஜாவாக நடித்தவர் லாரி ஓட்டி ஓய்ந்தவர், சர்க்கரை வியாதிக்காரர், பிணமாகக் கிடக்கும்போது குறட்டை விடுவார். அவர் பெண்டாட்டி எங்கள் லயத்தில் நாலாவது வீடு, என்னைவிட இளையவள். முதல் நாளே என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, எனக்குப் பயம் லா. அவருக்கு ஏற்கெனவே காலு சரியில்ல. வேற ஒண்ணும் மனசுல வச்சுக்காதீங்க."

"நான் என்னத்த வச்சுக்கப் போறேன்" என்றேன். வயிறு எரிந்தது. ஒவ்வொரு ஒத்திகையிலும் விளக்கு அணையும், நான் தட்டுத்தடுமாறி உள்ளே போவேன், விளக்கு எரியும்போது அவள் தலையில் பூவோடு உட்கார்ந்திருப்பாள். அறை இருட்டாக இருந்ததால் மாறுவது கச்சிதமாக நடந்தது. எல்லாரும் கைதட்டினார்கள்.

நாடகம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அந்தக் காலத்தில் விடிய விடிய நடக்கும். இப்போது மறுநாள் எல்லாருக்கும் வேலை, கோலாலம்பூர் போகிறவர்கள் ஜாம் ஆவதற்குள் கிளம்ப வேண்டும். கோயில் மண்டபத்துக்கு மூன்று பக்கமும் சுவர் கிடையாது என்பது எங்களுக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். ஆனால் பட்டப்பகலில் அங்கே விளக்கை அணைத்தால் என்ன ஆகும் என்று குழுவில் ஒரு மண்டைக்கும் உறைக்கவில்லை. எனக்கும்தான்.

ராஜா விழுந்தார். நான் ஓடி வந்தேன், வளையலை உடைத்தேன், அட்டைத் தாலியைக் கழற்றி அவர் நெஞ்சின் மேல் வைத்தேன். பாட ஆரம்பித்தேன். முதல் அடி நடிப்புத்தான். அடுத்த அடியில் குரல் என் சொல் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் எத்தனையோ பேருக்குக் கண்ணை மூடிவிட்டவள் நான். என் வீட்டுக்காரருக்கும் நானே மூடினேன். அன்றைக்கு நர்ஸாகவே நின்றுவிட்டேன். பேப்பரில் கையெழுத்துப் போட்டேன், யார் யாருக்கோ போன் செய்தேன், மகளைத் தாங்கினேன். அழவே இல்லை. இப்போது அட்டைக் கிரீடம் வைத்த ஒரு லாரிக்காரர் மேல் விழுந்து கதறினேன். கீழே பொம்பளைகள் எல்லாரும் சேர்ந்து அழுதார்கள்.

"அக்கா, மெதுவா. காலு மரத்துப்போச்சு" என்றது பிணம்.

பாட்டு முடிந்தது. விளக்கை அணைத்தார்கள். ஒரு மாற்றமும் இல்லை. வெயில் மண்டபம் முழுக்க அடித்தது. ஓரத்தில் சிவப்புச் சேலை கட்டிக்கொண்டு, பூவும் குங்குமமும் வைத்த தட்டோடு அவள் நிற்பது எனக்கும் தெரிந்தது, ஜனங்களுக்கும் தெரிந்தது. "போங்க உள்ள" என்று தலைவர் கையை ஆட்டுவதும் தெரிந்தது. நான் எழுந்து போக வேண்டும். திட்டம் போட்டுத்தான் உட்கார்ந்தேன் என்று இன்றுவரை பேசுகிறார்கள். சத்தியமாக இல்லை. அழுதவள் நான். எழுந்து போக மனசு வரவில்லை.

ஆர்மோனியக்காரர் ஒரே மெட்டைச் சுற்றிச் சுற்றி வாசித்தார். கடவுள் ஸ்டூலில் நின்றபடி கையைத் தூக்கி, "மன்னா, எழுந்திரு" என்றார். ராஜா எழுந்து உட்கார்ந்தார். தாலியைக் கையில் எடுத்தார், என்னைப் பார்த்தார், ஓரத்தைப் பார்த்தார், வேர்த்துக் கொட்டியது.

"அக்கா, எந்திரிங்க" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

"மாட்டேன். கட்டு."

கூட்டத்தில் ஒருவன் விசிலடித்தான். பபூன் வேஷக்காரர் வேறு நேரம் காலம் தெரியாமல், "மகாராஜா செத்துட்டு வர்றதுக்குள்ள ராணி ரெண்டாயிட்டாங்கய்யா!" என்றார். மண்டபம் இடிந்து விழுகிற மாதிரி சிரித்தார்கள். எனக்கு முகம் எரிந்தது. இதற்கு உள்ளேயே போயிருக்கலாம் என்று பட்டது.

அப்போதுதான் ஓரத்திலிருந்து அவள் கத்தினாள். "கட்டித் தொலைங்க! அட்டதானே! எவ்ளோ நேரம் அந்த அக்காவ உக்கார வச்சு வேடிக்க பாப்பீங்க?"

சிரிப்பு நின்றது. ராஜா கட்டினார். அவள் தட்டோடு மேடைக்கு வந்தாள். குங்குமத்தை எடுத்து என் நெற்றியில் வைத்தாள். பூவை என் கொண்டையில் சுற்றிச் சுற்றிச் செருகினாள்.

"அவருக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நீங்கதான் அக்கா பதில் சொல்லணும்" என்று காதோரம் சொன்னாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

"ஒண்ணும் ஆவாது. மருந்த ஒழுங்கா குடுடி" என்றேன்.

மங்களத்தை ஜனங்களே பாடினார்கள். நான் கொண்டையில் பூவைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ராஜா இன்னும் நன்றாகத்தான் இருக்கிறார், காலைத் தவிர. அடுத்த வருஷமும் போடலாமா என்று குழுவில் ஆரம்பித்துவிட்டார்கள். ராணி பார்ட் தனக்கு வேண்டும் என்று ராஜாவின் பெண்டாட்டியே எழுதியிருக்கிறாள், தாலி கழற்றுவது உட்பட முழுசாக. இந்த நாடகத்துக்கு இன்னொரு மேடையேற்றம் தேவையா என்றால், நாடகத்துக்குத் தேவையில்லை என்றுதான் இன்றும் சொல்வேன்.

அன்றைக்கு மண்டபத்துக்குப் பின்னால் பஞ்சும் தேங்காய் எண்ணெயும் வைத்துக்கொண்டு எல்லாரும் முகத்தைத் துடைத்தோம். நானும் பவுடரையும் உதட்டுச் சாயத்தையும் கண் மையையும் துடைத்தேன், அட்டைத் தாலியைக் கழற்றித் தலைவரிடம் கொடுத்தேன், சேலை மாற்றிக்கொண்டு காருக்கு வந்தேன். மகள் கதவைத் திறந்தாள். என் நெற்றியைப் பார்த்தாள், தலையைப் பார்த்தாள்.

"மேக்கப் கலைக்கலியா ம்மா?"

"கலைச்சாச்சு" என்றேன்.