தம்பி மூடிவைத்த லேப்டாப்

2006-ஆம் வருடக் குளிர்காலம். டில்லி கிட்வாய் நகரில் அரசுக் குடியிருப்பில் இருந்தோம். முனிர்காவில் அறை எடுத்துத் தங்கி, கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்த என் தம்பி, ஒரு காலை ஆபீசுக்குப் போகிற வழியில் பஸ் மோதி இறந்துபோனான். ஊரில் காரியங்கள் முடிந்து திரும்பி, அவன் அறையைக் காலி செய்தபோது கிடைத்த சாமான்களில் அவனுடைய லேப்டாப்பும் இருந்தது.

எனக்கு அதிலிருந்து வேண்டியது ஒன்றுதான். என் மகளுக்கு அப்போது நான்கு வயது. ஹிந்திதான் வாயில் வரும். அவளுக்குத் தமிழ் பழகட்டும் என்று தம்பி ஞாயிறுதோறும் வந்து கதை சொல்வான். அவள் குறுக்கே கேட்கிற கேள்விகளோடு சேர்த்து லேப்டாப்பில் பதிவு செய்துவைப்பான். ஊரிலிருந்து அம்மா, "அவன் குரலையாவது அனுப்பி வைடி" என்று போனில் அழுதுகொண்டே இருந்தாள்.

பாஸ்வேர்டு எங்களுக்குத் தெரியாது. தம்பியோடு வேலை பார்த்த மதுரைக்கார நண்பன் உதவிக்கு வந்தான். கையில் ஒரு சிடி.

"இது லினக்ஸ் சிடி, அக்கா. மெஷின் இதுலருந்தே ஓடும். பாஸ்வேர்டு வேணாம். உள்ள இருக்கற டிஸ்க்குக்கு ஒண்ணும் ஆகாது."

சொன்னபடியே திறந்தது. கதைகள் எல்லாம் வரிசையாக இருந்தன. ஒன்றைப் போட்டான். "கெணத்துக்குள்ள யாரு இருந்தா, சொல்லு பாப்போம்?" தம்பியின் குரல். அடுத்த அறையிலிருந்து மகள் ஓடிவந்தாள். "மாமா கஹான் ஹை?" மாமா எங்கே என்று கேட்டு வாசல் கதவைப் பார்த்தாள். நான் எழுந்து முகம் கழுவப் போய்விட்டேன்.

எல்லாவற்றையும் பிரதி எடுக்கப் பெரிய டிஸ்க் வேண்டும், மறுநாள் கொண்டுவருகிறேன் என்றான் நண்பன். சிடியை எடுத்துவிட்டு, "பாஸ்வேர்டு கெடைச்சா நீங்களே போட்டுக் கேக்கலாம். எதுக்கும் ஒரு தடவை பாப்போம்" என்று பவர் பட்டனை அழுத்தினான். மகளின் செல்லப் பெயரை அடித்துப் பார்க்கச் சொன்னேன்.

திறந்துவிட்டது. பாதி டைப் செய்த ஒரு மெயில், ரயில் டிக்கெட் பார்த்துக்கொண்டிருந்த பக்கம், எல்லாம் அவன் விட்டுப்போனபடியே. நண்பனின் முகம் வெளிறிவிட்டது.

"அக்கா, அவன் இதை ஷட்டவுன் பண்ணல. தூங்க வெச்சிருக்கான்."

எனக்குப் புரியவில்லை. பிறகுதான் விளக்கினான். அப்படித் தூங்கும் மெஷின், பவர் போனாலும், தூங்கப்போனபோது டிஸ்க் எப்படி இருந்தது என்பதை நினைவில் வைத்திருக்குமாம். நடுவில் நாங்கள் சிடி வழியாக டிஸ்க்கைத் திறந்தபோது, சிடியில் இருந்த லினக்ஸ் எங்களுக்குத் தெரியாமலே அதில் சில மாற்றங்களைச் செய்துவிட்டது. விழித்த மெஷினுக்கு அது தெரியாது. பழைய நினைவிலேயே அதன்மேல் எழுதத் தொடங்கிவிட்டது.

அவன் நிறுத்துவதற்குள் திரை உறைந்துவிட்டது. மறுபடி போட்டதும் மெஷின் டிஸ்க்கைச் சோதிக்க ஆரம்பித்தது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள். சரிசெய்யவா, சரிசெய்யவா என்று ஒவ்வொன்றாகக் கேட்டது. ஆமாம் ஆமாம் என்று அழுத்திக்கொண்டே இருந்தான்.

முடிந்தபோது கதைகள் இருந்த இடம் காலி. வேறொரு மூலையில், பெயர் போய் வெறும் எண்களோடு துண்டுதுண்டாகக் கொஞ்சம் கிடந்தன. அவற்றில் ஒன்றுதான் ஓடியது. அதில் என் மகள் சிரிக்கிறாள், அவ்வளவுதான். தம்பி இல்லை. பிறகு நேரு பிளேஸில் காட்டிய கம்ப்யூட்டர் கடைகளிலும் கையை விரித்துவிட்டார்கள்.

அன்று நண்பன் தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான். "நான் தொடாமலே இருந்திருக்கலாம்க்கா." உண்மைதான். அந்தச் செல்லப் பெயரை முதலிலேயே அடித்திருந்தால் போதும். அவனுக்குப் போலவே எனக்கும் அது புரிந்திருந்தது. சோறு போட்டு, ரசம் ஊற்றி, "சாப்பிட்டுட்டுப் போப்பா" என்றேன். குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டான்.

அம்மாவிடம், லேப்டாப் கெட்டுப்போய்விட்டது என்று மட்டும் சொன்னேன். யார் கை பட்டது என்று கடைசிவரை சொல்லவில்லை.

மகள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். மாமாவின் குரல் அவளுக்கு நினைவில்லை. அந்த நண்பன் இன்றும் எங்கள் வீட்டுக்கு வருகிறான். நம்மேல் பிரியமாக நீளும் கையாலும் நமக்கு மிச்சமிருப்பது உடையலாம் என்பது அன்றே புரிந்துவிட்டது. அந்தக் கையை உதறாமல் இருப்பதைத்தான் அவன் வரும்போதெல்லாம் நான் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.