மெற்றில்டா அக்கா சொன்ன வெள்ளம்

மெற்றில்டா அக்கா இறந்துவிட்டார். காலையில் வட்ஸ்அப்பைத் திறந்ததும் அதுதான் கிடந்தது…

உங்களில் பலருக்கு ஆளைத் தெரியாது. யுத்த காலத்தில் எங்கள் வானிலை அலுவலகத்தில் ஃபோர்காஸ்ட் எழுதியவர். நான் பக்கத்து மேசை, டெலிபோன் பார்க்கிற வேலை.

போட்டோ கேட்காதீர்கள். இல்லை. கமரா கொண்டுபோக முடியாத இடம் அது.

கொண்டையில் எப்போதும் ஒரு பென்சில் குத்தியிருப்பார். அதைத் தேடி மேசை முழுக்கக் கிளறுவார். நாங்கள் யாரும் சொல்ல மாட்டோம்.

முதலில் ஒரு பலூன் விடுவோம், மேல்காற்றைப் பார்க்க. அது தெரிந்தால்தான் இடிமழை நகர்ந்து போகுமா, ஒரே இடத்தில் நின்று கொட்டுமா என்று சொல்லலாம். ஒருநாள் ஆமிக் காவல் சென்றியிலிருந்து அதைச் சுட்டார்கள். அதற்குப் பிறகு பலூனுக்கே தடை.

"கண்ணையும் கட்டிப்போட்டு வழியும் சொல்லட்டாம்" என்றார் அக்கா.

தொண்ணூறுகளின் பிற்பகுதி… ஒரு ஓகஸ்ட். ஊரைப் பிரிக்கிற வாவிக்கு எங்கள் பக்கம் ஆமி, அந்தப் பக்கம் படுவான்கரையில் இயக்கம். அங்கே சிறுபோக நெல் அறுவடை. வெட்ட வந்த சனம் காய்ந்த ஆற்று மணலிலேயே ஓலைக் குடிசை கட்டி, வாடி போட்டுக் குடும்பத்தோடு இருந்தது. ஆற்றுக்குக் குறுக்கே போகிற தாம்போதித் தெருவுக்கு மேற்பக்கம் ஒரு வாடி, கீழ்ப்பக்கம் ஒரு வாடி.

அன்று மத்தியானம் சோழகக் காற்று அப்படியே விழுந்துவிட்டது. மேற்கே மலைப்பக்கம் முகில் கோபுரம் மாதிரி எழும்பி நின்றது.

ஆறு தொடங்குகிற மலையடிக் குளத்துக் காவலாளி எங்களுக்குப் போன் எடுத்தார். "மிஸ்ஸிட்டச் சொல்லுங்க, இஞ்ச ஊத்துது…" லைன் அறுந்துவிட்டது.

அக்கா மொட்டைமாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார். முகம் சரியில்லை.

"தம்பி, அது அசையுதில்ல. நிண்ட இடத்திலயே கொட்டுது. பொழுதுபட ஆத்தால தண்ணி வரும். சனம் எல்லாம் மணலுக்குள்ள கிடக்கு."

மேலிடத்துக்குப் போன் போட்டார். 'கிழக்கில் மாலையில் இடியுடன் கூடிய மழை பெய்யலாம்' என்று ரேடியோவில் சொல்லியாகிவிட்டதாம். அது போதுமாம்.

ஆமிக் காம்ப்புக்குப் போனோம். ஸ்பீக்கர் கட்டி அறிவிக்க அனுமதி கேட்டார். அங்கிருந்த அதிகாரி கேட்ட கேள்வியை மொழிபெயர்த்தவர் குரலில் அப்படியே சொல்கிறேன்: "அந்தப் பக்கத்து மழை உங்களுக்கு எதுக்கு?"

அக்கா திரும்பி நடந்தார். சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே துறைக்குப் போனார். நான் பின்னால் ஓடினேன். எங்களை அக்கரைக்கு விட மாட்டார்கள். பாதை என்கிற மிதவைப் படகுக்கு நின்ற சனத்திடம் ஒவ்வொருவராகச் சொன்னார். பலர் தலையாட்டிவிட்டுத் தங்கள் பையைப் பார்த்துக்கொண்டார்கள். அளவுக்கு மேல் கட்டிய சீனி செக்பொயின்ற்றில் பறிபோய்விடுமோ என்ற கவலை அவர்களுக்கு.

பூமணி என்ற பெண் மட்டும் நின்று கேட்டாள். புருஷன் மேல்வாடியில், தங்கச்சி குடும்பம் கீழ்வாடியில்.

"மெய்தானா மிஸ்? வெயில் எறிக்குதே?"

"இஞ்ச எறிக்கும் புள்ள. மலையில பெய்ஞ்ச தண்ணிதான் உங்களுக்கு வரும். பொழுதுபட முன்னம் எல்லாரையும் மேட்டுக்கு ஏத்து. ஓடு!"

அக்கரையில் இறங்கி ஓடினாள். அங்கே நடந்ததைப் பிறகு அவள்தான் சொன்னாள். மேல்வாடிச் சனம் திட்டிக்கொண்டே சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறியது. கீழ்வாடிக்குப் போகிற வழியில் இயக்கப் பொடியன்கள் அவளை மறித்தார்கள்.

"ஆர் உன்னை அனுப்பின? சனத்தை ஏன் எழுப்பச் சொல்றாங்க? ஆமி இறங்கப் போறானா?"

மழை என்றாள். வெள்ளம் என்றாள். வானத்தில் ஒரு துளி இல்லை, யார் நம்புவான்? விசாரித்து முடிக்கிற வரைக்கும் இருத்தி வைத்தார்கள்.

பொழுதுபடத் தண்ணீர் வந்தது.

கீழ்வாடியில் எத்தனை பேர் போனார்கள் என்று எந்தப் பேப்பரும் ஒழுங்காக எழுதவில்லை. பூமணியின் தங்கச்சி போனாள். தங்கச்சியின் பிள்ளைகளும்…

அந்தக் கிழமையே இந்தப் பக்கத்தார் அக்காவைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அக்கரைக்குத் தகவல் அனுப்பிய குற்றம். அலுவலகத்தில் பெரியவர்கள் யாரும் வாய் திறக்கவில்லை. அவருடைய கதிரையில் வேறு ஆளை இருத்தினார்கள்.

பல கிழமைக்குப் பிறகு மெலிந்து வந்தார். கதிரை திரும்பக் கிடைத்தது. ஒரே ஒரு தடவைதான் அதைப் பற்றிப் பேசினார்.

"தண்ணி வரும் எண்டு உனக்கு ஆர் சொன்ன எண்டு கேட்டானுகள் தம்பி. முகிலைப் பாத்தன், முகில்தான் சொன்ன எண்டன். உடனே எழுதினானுகள். முகில் ஆரு, எங்க இருக்கான், எந்தப் பொறுப்பில இருக்கான்… நாளும் பொழுதும் அதே கேள்விதான். முகில் எண்டா இயக்கப் பேராம்."

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். பிறகு கையைப் பார்த்தேன். இரண்டு விரல் மடங்கவில்லை.

பாதை திறந்திருந்த ஒருநாள் பூமணி அலுவலகத்துக்கே வந்தாள். வாசலில் நின்று அழுதாள். "என்னை விடல்ல மிஸ்… காலைப் பிடிச்சும் கேட்டன், விடல்ல…"

அக்கா அவளை உள்ளே கூட்டிவந்து தன் கதிரையில் இருத்தி, "நீ போனாய்தானே புள்ள. ரேடியோ போகல்ல, நான் போகல்ல. நீ போனாய்" என்றார். அவ்வளவுதான். 

அதற்குப் பிறகு மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு. சொந்தமாக எதுவும் எழுதக் கூடாது, அந்த ஒரு வசனம் போதும். இடியுடன் கூடிய மழை பெய்யலாம். முகிலையும் காற்றையும் வாசிக்கவென்றே படித்தவர். பென்சன் எடுக்கும் வரை அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

சமாதானம் வந்த பிறகு ஒரு மேடையில் பொன்னாடை போர்த்தக் கூப்பிட்டார்கள். "ஆருக்காம்? முகிலுக்காமா?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தார்.

காலையிலிருந்து மெழுகுதிரி படமாக விழுகிறது. அன்று வாய் திறக்காத பெரியவர்களில் இரண்டு பேரும் போட்டிருக்கிறார்கள். 'அர்ப்பணிப்புள்ள அதிகாரி'யாம். பார்த்தேன்… லைக் போடவில்லை.

நாளைப் பின்னேரம் சேமக்காலையில் அடக்கம். நான் நிற்பேன்.

போயிட்டு வாங்க எண்டு சொல்ல வாய் வரல்ல அக்கா. போங்க… இஞ்சால திரும்பி வராதீங்க.