இங்கிலாந்தில் நிறுத்திய கார்

"எங்கட காரை இங்கிலாந்தில நிறுத்திப்போட்டாங்களாம்" என்று அப்பா அம்மாவிடம் சொன்னதைக் கேட்டு, அங்கே ஒரு வெள்ளைக்காரன் விசையை அழுத்தினால் திருகோணமலையில் எங்கள் கார் நின்றுவிடும் என்று நம்பிய மடையன் நான்.

சந்தைக்கு வந்த சில வருசத்திலேயே அந்த மாதிரிக் கார் செய்வதை அங்கே கைவிட்டார்கள் என்பதுதான் அப்பா சொன்ன கதை.

இன்று ஒரு கராஜில் வெயிலில் காய்ந்த ரெக்சின் சீற்றுறை மணத்தது. உடனே என் எட்டு வயதுத் தொடை அந்தக் காரின் சீற்றில் ஒட்டிக்கொண்டது. மேலே தூக்கும் பின்கதவும், அதற்கு முட்டுக்கொடுக்கும் விளக்குமாற்றுத் தடியும், பள்ளிக்கூடம் போகிற ஒவ்வொரு காலையும் துறைமுக வீதிச் சோதனைச் சாவடியில் துவக்கோடு நிற்கும் ஆமிக்காரன் அதற்குள் தலையை விடுவதும், இந்த நேரம் பார்த்து வெள்ளைக்காரன் நிறுத்திவிட்டால் சந்தேகப்பட்டு அப்பாவைப் பிடித்துக்கொண்டு போவார்களே என்று காருக்குள் இருந்தபடியே நான் முன்சீற்றைத் தள்ளுவதும் திரும்பி வந்தன.

"ஏனடா தள்ளுறாய்?"

"நிண்டிட்டா என்னப்பா செய்யிறது?"

"நீ தள்ளியே இது ஓடுது, விசரா?"

கார் ஒருநாளும் நிற்கவில்லை. ஒரு காலை, தங்கள் அலுவலுக்குக் கார் வேண்டுமென்று சாவடிக்காரர் எங்களை இறக்கினார்கள். அப்பா கார்த் திறப்பைக் கொடுத்துவிட்டு, "தாங்யூ சேர்" என்றார். கார் திரும்பி வரவில்லை.