இரண்டரை மைலுக்கு ஒரு பலகை

மூன்று வயதில் வந்த காய்ச்சலில் என் கால்கள் இரண்டும் சூம்பிப்போயின. இதைச் சொன்னதும் உச்சுக்கொட்டுகிறவர்களை எனக்கு அப்போதும் பிடிக்காது, இப்போதும் பிடிக்காது. கைகள் நன்றாக இருந்தன. அந்தக் கைகளை நம்பித்தான் விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் ஒரு யூனிட்டில் எனக்கு வேலை கொடுத்தார்கள். அச்சிலிருந்து எடுத்த கோப்பைகள் சுடுவதற்கு முன்னால் பச்சையாக இருக்கும்போது, அவற்றின் விளிம்பை ஈரப் பஞ்சால் துடைத்து வழவழப்பாக்க வேண்டும். தரையில் உட்கார்ந்தபடி செய்கிற வேலை.

வீட்டிலிருந்து யூனிட் இரண்டரை மைல். அண்ணன் காலையில் என்னைத் தூக்கி சைக்கிள் கேரியரில் உட்காரவைத்துக் கொண்டுபோய் விடுவான். சாயங்காலம் வந்து கூட்டிப்போவான். நான்கு வருஷம் ஒருநாள் கூடத் தவறவில்லை. அதற்காகவே வெளியூர் வேலை எதற்கும் போகாமல், ஊருக்குள் கிடைத்த மூட்டை தூக்கும் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பத்தாவது பாஸ் செய்தவன்.

அறுபதுகளின் கடைசியில் அவனுக்கு நெய்வேலியில் வேலைக்கு உத்தரவு வந்தது. ஒரு மாதத்துக்குள் போய்ச் சேர வேண்டும். அவன் அதைப் படித்துவிட்டு மடித்துத் தகரப் பெட்டிக்குள் போட்டான்.

"இது ஒத்து வராதுடா. நான் போயிட்டா ஒன்ன யாரு கூட்டிக்கினு போவாங்க?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. என்னைச் சாக்காக வைத்து ஒருவன் தன் வாழ்க்கையைப் பெட்டிக்குள் போட்டு மூடுகிறான் என்றால் அந்தப் பாரத்தை நான் எங்கே இறக்கிவைப்பேன்? "ஒரு மாசம் இருக்குதில்ல. நானே தனியா போய்க் காட்டறேன். போயிட்டன்னா நீ கெளம்பணும்" என்றேன். அவன் சரியென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை.

என்னிடம் ஏற்கெனவே ஒரு தள்ளுபலகை இருந்தது. ஒன்றரை அடிப் பலகையில் நான்கு சின்ன பால்பேரிங்கைச் சக்கரமாக மாட்டியது. அதில் உட்கார்ந்து கையால் தரையை உந்தித் தெருவுக்குள் போய்வருவேன். தெருவுக்கு அது போதும். அரை மைல் போனால் தோள்பட்டை கழன்றுவிடும். எனவே புதுப் பலகை வேண்டும். அது எப்படி இருக்க வேண்டும் என்று இரண்டு வாரம் நான் யோசித்த மாதிரி கல்யாணத்துக்குப் பெண் பார்ப்பவன்கூட யோசித்திருக்கமாட்டான்.

உயரமாக இருந்தால் கை தரைக்கு எட்டாது. ஒவ்வொரு உந்தலுக்கும் குனிய வேண்டும், முதுகு போய்விடும். தாழ்வாக இருந்தால் ஜல்லி அடியில் தட்டும். நான்கு விரற்கடை என்று முடிவு செய்தேன். குட்டையான பலகை சுலபமாகத் திரும்பும், ஆனால் வேகத்தில் ஆடும். நீளமானது ஆடாது, காலையும் மடக்காமல் நீட்டிக்கொள்ளலாம். யூனிட்டில் கோப்பைகளை வரிசையாக வைத்துக் காயவிடும் நீளப் பலகைகளில் பழையது ஒன்றைக் கேட்டு வாங்கினேன். வருஷக்கணக்காகக் காய்ந்த மரம்; உட்கார்ந்தால் நடுவில் லேசாக வளைந்து கொடுத்தது. கையில் பிடித்து உந்த இரண்டு மரக்கட்டை, அடியில் டயர் துண்டு வைத்து ஆணி அடித்தது.

சக்கரம்தான் முடியவில்லை. அண்ணன் வேப்பூர் போய், ரோட்டோரத்து லாரிப் பட்டறையிலிருந்து ரப்பர் வளையம் போட்ட நான்கு சக்கரம் கொண்டுவந்தான். கனமானவை. ஒருமுறை உந்தினால் கொஞ்ச தூரத்திலேயே நின்றுவிடும். "இத வச்சிக்கினு ரெண்டரை மைலு போனா எனக்கு வேற கைதான் வாங்கணும்" என்றேன்.

எங்கள் யூனிட்டில் அச்சு செய்கிற மேஸ்திரி ஒருவர் இருந்தார். அதிகம் பேசமாட்டார். நான் சக்கரத்தோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்து, "நம்மகிட்ட இல்லாத சரக்கா? கரண்டு கம்பத்து மேல நிக்கிற பீங்கான் நம்மளுது. ஒனக்கு நாலு சக்கரம் நிக்காதா?" என்றார். மறுநாளே அச்சு தயாராகிவிட்டது. சூளையில் வெந்தால் பீங்கான் எவ்வளவு சுருங்கும் என்பது அவருக்கு அத்துப்படி. அந்தச் சுருக்கத்துக்கும் சேர்த்துத்தான் நடுவில் துளை விட்டிருந்தார். சூளையிலிருந்து வந்த சக்கரத்துக்குள் பேரிங் அளவெடுத்தது போல உட்கார்ந்தது. வேலைசெய்தவர்கள் எல்லோரும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தார்கள்.

எங்கள் தொழிலில் எந்தச் சாமானையும் விரலால் சுண்டி, காது கொடுத்துக் கேட்டுத்தான் பாஸ் செய்வோம். விரிசல் இருந்தால் சத்தம் செத்துப்போயிருக்கும். மேஸ்திரி நான்கு சக்கரத்தையும் சுண்டினார். நான்கும் கணீரென்றன. யூனிட்டின் சிமெண்ட் தரையில் ஓட்டிப் பார்த்தோம். ரப்பர் சக்கரம் ஒரு உந்தலுக்குப் போன தூரத்தைப் போல இரண்டு மடங்கு போனது, ஓசையே இல்லாமல். நான் அதைத்தான் தேர்ந்தெடுத்தேன். யாரும் வற்புறுத்தவில்லை. பீங்கானோடு பிழைக்கிறவர்கள் நாங்கள்; சத்தம் நன்றாக இருந்தால் சரக்கு நன்றாக இருக்கிறது என்பதற்கு மேல் எங்களுக்கு யோசிக்கத் தோன்றவில்லை.

மாதம் முடிய மூன்று நாள் இருக்கும்போது கிளம்பினேன். அண்ணன் கூட வருகிறேன் என்றான். "பின்னால வந்தீன்னா அப்படியே திரும்பிடுவேன்" என்றேன். "சரி, எனக்கும் மார்க்கெட்டுல வேலை இருக்குது" என்றான்.

தார் ரோட்டில் சக்கரம் வழுக்கிக்கொண்டு போனது. இரண்டு கையையும் சேர்த்து ஊன்றி நிதானமாக ஒரு உந்தல், அது ஓய்வதற்குள் அடுத்தது. அவசரப்படாமல் அப்படியே போனால் மூச்சு வாங்கவில்லை. டீக்கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றிருந்தது. என் வாழ்க்கையில் முதல்முறையாக, யாரும் தூக்காமல் ஒரு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். சந்தோஷமாக இருந்தது என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

முக்கால்வாசி தூரத்தில் காவலாள் இல்லாத ரயில்வே கேட். முதல் தண்டவாளத்தில் பலகை லேசாகத் தூக்கிப்போட்டது. இரண்டாவதில் முன்பக்கத்து வலது சக்கரம் தட்டி, தேங்காய் உடைகிற மாதிரி இரண்டாகப் போனது. பலகை சாய்ந்து நான் ஜல்லியில் விழுந்தேன். ரயில் வருகிற நேரமில்லை, ரோட்டிலும் ஆளில்லை. முழங்கையை ஊன்றி, பலகையை அதன் முனையில் கட்டியிருந்த கயிற்றால் இழுத்துக்கொண்டு தண்டவாளத்தைக் கடந்தேன். பிறகு உடைந்த மூலை பின்பக்கம் வரும்படி பலகையைத் திருப்பிப் போட்டு, உடம்பை மறுபக்கம் சாய்த்து, மூன்று சக்கரத்தில் மிச்ச தூரத்தைப் போய்ச் சேர்ந்தேன்.

மேஸ்திரி என் முழங்கையைப் பார்த்தார். பிறகு சக்கரங்களைப் பார்த்தார். உடையாத மூன்றையும் ஒவ்வொன்றாகச் சுண்டினார். கணீரென்றுதான் இருந்தன.

"சத்தம் நல்லாத்தான் இருந்துது" என்று சொல்லிவிட்டு அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டார். அவரைத் தேற்றுவது என் வேலையாகிவிட்டது. சாயங்காலம் யூனிட்டின் கைவண்டியில் வைத்து அவரே என்னைத் தெருமுனைவரை தள்ளிக்கொண்டு வந்து இறக்கிவிட்டார். வேப்பூர் சக்கரங்களை அடுத்த நாளே அவர் கையாலேயே மாட்டிக்கொடுத்தார்.

அண்ணன் வாசலில் நின்றிருந்தான். "எப்பிடி இருந்துது?"

"ஒண்ணும் கஷ்டமில்ல. சுகமா போனேன்."

"கையி?"

"யூனிட்டுல வழுக்கிட்டுது."

அவன் தலையாட்டினான். இரண்டு நாள் கழித்து நெய்வேலிக்கு பஸ் ஏறினான். ஒரு பொய்யால் ஒருவனைக் கரையேற்றிவிட்டேன் என்று எனக்கு உள்ளுக்குள் பெருமை. ரப்பர் சக்கரத்தில் போகத் தோள் பழகிக்கொண்டது. எட்டு வருஷம் அந்த ரோட்டில் நானே போய்வந்தேன்.

எழுபதுகளின் நடுவில் ஒரு பொங்கலுக்கு அண்ணன் குடும்பத்தோடு வந்திருந்தான். சாப்பிடும்போது என் முழங்கைத் தழும்பைப் பார்த்துவிட்டு, அண்ணி பேச்சுவாக்கில் சொன்னாள்: "இதானா அது? ரயில்வே கேட்டுகிட்ட பட்டதுன்னு அவங்க சொல்லியிருக்காங்க. புளியமரத்துக்குப் பின்னால சைக்கிள புடிச்சிக்கினு நின்னாங்களாமே."

பின்னால் வந்திருக்கிறான், விழுந்ததையும் பார்த்திருக்கிறான், ஓடி வரவில்லை. ஒரு நிமிஷம் அவன்மேல் வந்த கோபத்தை மறைக்க விரும்பவில்லை. "ஏன் வரல?" என்று கேட்டேன்.

அண்ணன் இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "வந்து தூக்கியிருந்தா, அப்பறம் தெனமும் நான்தான் தூக்கணும். அது ஒனக்கும் தெரியும். ஆனா ஒன்னு, நீ தண்டவாளத்த தாண்டறதுக்குள்ள நான் செத்துப் பொழச்சேன்."

அன்றைக்கு அந்த இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவில் கிடந்து நான் வாய்விட்டு அழுதிருந்தேன். பார்க்க யாருமில்லை என்ற தைரியத்தில்தான் அழுதேன்.