கதிர் என்பது என் அண்ணனின் பெயர்

நோர்வேயில் மாணவர்கள் என்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். பத்தொன்பது வயதுப் பிள்ளை "வாசுகி" என்று கூப்பிடும்போது எனக்கு இன்னும் ஒருகணம் முகம் இறுகும். இங்கே ஒரு கல்லூரி நூலகத்தில், வரலாறும் இலக்கியமும் படிப்பவர்களுக்கு ஆய்வுக் கட்டுரைகளை இணையத் தரவுத்தளங்களில் தேடவும், அடிக்குறிப்பைப் பிடித்து மூலம் வரை போகவும் கற்பிக்கிறேன்.

போன வருடம் மாதிரிக்காக என் ஊரின் பெயரை, உடையார்கட்டு என்று, ஆங்கில எழுத்தில் அடித்துக் காட்டினேன். வன்னி விவசாயிகளின் பாடல்கள் பற்றி எங்கள் கல்லூரிப் பேராசிரியர் ஒருவரே எழுதிய கட்டுரை வந்தது. அதற்குள் என் அம்மாவின் ஒப்பாரி இருந்தது. "என்ரை கதிரே, முற்ற முன்னம் போனியே" என்ற வரியில் கதிர், ஆங்கிலத்தில் நெற்கதிர் ஆகியிருந்தது. விளைச்சல் அழிந்ததற்குப் பாடும் பாட்டாம். இயற்றியவர் தெரியாதாம்.

கதிர் என் அண்ணன். ஷெல் விழுந்து செத்தவன். சண்டை முடிந்து நாங்கள் ஊர் திரும்பிய பிறகு, ஒரு வெள்ளைக்காரர் மொழிபெயர்ப்பாளரோடு வந்து எங்கள் குசினி அடுப்படியில் இருந்தார். அம்மா தேத்தண்ணி கொடுத்தா, பிறகு ஒப்பாரி சொல்லி அழுதா. அவர் ஒலிப்பதிவு செய்துகொண்டு போனார். அவர்தான் இந்தப் பேராசிரியர்.

நான் அவருக்கு ஒரு வரியும் எழுதவில்லை. அந்தக் கட்டுரையை வகுப்புக்குப் பயிற்சியாகக் கொடுத்தேன். மாணவர்கள் அடிக்குறிப்பைப் பிடித்துப் போய், அவர் ஆவணகத்தில் வைத்திருந்த ஒலிப்பதிவை எடுத்துவந்தார்கள். பாட்டு முடிந்ததும் மொழிபெயர்ப்பாளரின் குரல் கேட்டது.

"கதிர் ஆர், அம்மா?"

"என்ரை மூத்தவன்."

இந்த இரண்டு வரியும் கட்டுரையில் இல்லை. நான் வகுப்புக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். கட்டுரையை வெளியிட்ட ஆய்விதழுக்கு மாணவர்களே எழுதினார்கள். எனக்கு அது இனித்தது. பழிவாங்குகிறேன் என்று தெரிந்துதான் செய்தேன்.

பேராசிரியர் நூலகத்துக்கு வந்தார். "நேரே என்னிடம் சொல்லியிருக்கலாமே."

"நீங்கள் நேரே எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். அம்மா நேரேதான் சொன்னா."

"அது உங்கள் வீடா?" என்றார். அப்போதுதான் அவருக்கு விளங்கியது.

ஆய்விதழ் திருத்தம் வெளியிட்டது. அம்மாவின் பெயரும் அண்ணனின் பெயரும் வந்தன. அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

"அவர் மன்னிப்பும் கேட்டவர், அம்மா."

"மன்னிப்பை அவரே வைச்சிருக்கட்டும். நீ அதைப் படிப்பிக்கிறதை விட்டிடாதை."

விடவில்லை. புதிதாக வரும் ஒவ்வொரு வகுப்புக்கும், அவருடைய மாணவர்களுக்கும்கூட, அதுதான் முதல் பயிற்சி.

கோப்பி குடிக்கும் இடத்தில் என்னைக் கண்டால், வன்னியில் பழகிய "வணக்கம்" ஒன்றை அவர் சொல்கிறார். நான் நோர்வேஜிய மொழியில் பதில் சொல்லிவிட்டு நகர்கிறேன். அவரோடு தமிழில் கதைக்க எனக்கு மனமில்லை. அந்தக் கட்டடத்தில் தமிழில் ஒரு சொல்லாவது சொல்ல வேறு ஆளுமில்லை.