நுரை வேட்டி

சம்பந்தம் அண்ணனின் வெற்று முதுகை நான் முதன்முதலாகப் பார்த்தபோது அவருக்கு அறுபது வயது தாண்டியிருந்தது. நான் வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். ஆரணியில், அதுவும் தறிக்காரர் தெருவில், இது லேசுப்பட்ட சங்கதி இல்லை. எங்கள் தெரு ஆண்பிள்ளைகள் தறிக்குழியில் இறங்கும்போதே சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிடுவார்கள். சித்திரை மாதத்தில் இடுப்பில் ஒரு துண்டோடு வாசலில் நின்று பேப்பர் படிப்பார்கள். யாருக்குத் தேமல், யாருக்கு எங்கே மச்சம் என்பதெல்லாம் ஊரறிந்த விஷயம். சம்பந்தம் அண்ணன் மட்டும் கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டையோடு நெய்தார். கேட்டால், பட்டில் வேர்வை சொட்டக் கூடாது என்பார். அது சாக்கு. அவருக்கு வெட்கம், அவ்வளவுதான்.

கொஞ்சநஞ்ச வெட்கம் இல்லை. அவர் மனைவி உண்ணாமலை சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். மணவறையில் சட்டையைக் கழற்றச் சொன்னதற்கு, அங்கவஸ்திரத்தைத் தோளிலிருந்து முழங்கால்வரை சுற்றி, அதில் ஊக்கும் குத்திக்கொண்டு உட்கார்ந்தாராம். காய்ச்சல் என்று டாக்டரிடம் போனால், ஊசியைக் கையில் போடுங்கள், இல்லாவிட்டால் மாத்திரை கொடுங்கள் என்பார். சட்டையைக் கழற்றிவிட்டு உள்ளே போகவேண்டிய கோவில் என்றால் வாசலிலேயே கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பிவிடுவார். சாமிக்குத் தெரியாத உடம்பா என்று நான் சீண்டுவேன். சாமிக்குத் தெரிந்தால் போதும், கூட நிற்கிறவனுக்கு எதற்கு என்பார். எனக்கு இருக்கும் வாய்க்கு, அவரைக் கிண்டல் செய்யாத நாள் கிடையாது.

உண்ணாமலை தொண்ணூற்றாறில் போய்ச் சேர்ந்தாள். அதற்குப் பிறகு மகன் தமிழ்வாணனுக்குச் சேவூரிலிருந்து பெண் எடுத்தார்கள். பானுப்ரியா என்று பெயர். கல்யாணத்துக்கு முன்னால் வேலூரில் பியூட்டி பார்லர் கோர்ஸ் படித்த பெண். வந்த இடத்தில் பார்லருக்கு வழியில்லை, தறிக்கு நூல் தார் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். மாமனாரும் மருமகளும் பேசிக்கொள்வது சோறு, தண்ணீர், கரண்ட் போனது வந்தது என்கிற அளவோடு நின்றுவிடும். அவள் எதிரே வந்தால் அண்ணன் சட்டைக்கு மேலே துண்டை வேறு இழுத்துப் போர்த்திக்கொள்வார்.

இரண்டாயிரத்து இரண்டு, மாசி மாதம். தறியில் உட்கார்ந்தபடியே ஒருநாள் சாய்ந்துவிட்டார். இடது கையும் இடது காலும் விழுந்துவிட்டன. பேச்சு சில நாளில் திரும்பிவிட்டது. புத்தியில் ஒரு குறையும் இல்லை. அதுதான் பேஜார். புத்தி கலங்கியவனுக்கு வெட்கம் ஏது?

முதலில் தமிழ்வாணன் வீட்டோடு இருந்து குளிப்பாட்டினான். ஆனால் அவன் பிழைப்பு பெங்களூரில். புடவைக் கட்டைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கவேண்டும், வாரத்துக்கு ஒருமுறைதான் வீடு. அவன் கிளம்பிப் போனதும் தெருக்கோடி அய்யாக்கண்ணு காலையில் வந்து, அண்ணனைப் பிடித்து உட்காரவைத்துத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போனான். ஆண்பிள்ளை என்பதால் அண்ணன் கண்ணை இறுக மூடிக்கொண்டு பொறுத்தார். அய்யாக்கண்ணுவுக்குக் களம்பூர் ரைஸ் மில்லில் வேலை கிடைத்தது, அவனும் போனான். என் வீட்டுக்காரருக்கோ இடுப்புப் பிடிப்பு. அவரையே நான்தான் பிடித்துத் தூக்கவேண்டும்.

ஆக, ஞாயிற்றுக்கிழமை மகன் வந்தால் குளியல், இல்லாவிட்டால் இல்லை என்றாகிவிட்டது. வெயில் ஏறிக்கொண்டே போனது. படுத்த படுக்கையில் இடுப்புக்குக் கீழே தோல் சிவந்துவிட்டது. டாக்டர் வந்து பார்த்தார். தினமும் கழுவி ஈரம் போகத் துடைக்கவேண்டும், தோல் பிளந்து புண்ணாகிவிட்டால் அது எலும்புவரை போகும், பிறகு ஆளைப் பிழைக்கவைப்பது கஷ்டம் என்று வெளியே வந்து எங்களிடம் சொன்னார்.

வேட்டியோடு உட்காருங்கள், நான் தண்ணீர் ஊற்றுகிறேன் என்று பானுப்ரியா கேட்டாள். அண்ணன் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் சொல்லாவிட்டாலும் எனக்குப் புரிந்தது. நனைந்த வேட்டி இருந்தும் ஒன்றுதான், இல்லாமலும் ஒன்றுதான். எனக்குக் கோபம் தலைக்கேறியது. உயிரைவிட வெட்கம் பெரிதா என்று கத்திவிட்டேன். "ஆமாம்மா" என்றார். வீம்புக்குச் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிற மாதிரிதான் சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்த தமிழ்வாணன் பெண்டாட்டியைத்தான் கடிந்துகொண்டான். கட்டாயப்படுத்தி ஊற்றவேண்டியதுதானே, நாலு நாள் கத்துவார், அப்புறம் பழகிவிடும் என்றான். பானுப்ரியா துவைத்த துணியை மடித்துக்கொண்டே சொன்னாள்:

"கையும் காலும் போயிடுச்சிங்க. வெக்கமாவது அவர்கிட்ட இருக்கட்டும்."

இத்தனை வருஷம் அந்த வெட்கத்தை வைத்துச் சிரித்தவள் நான். அது அவர் சொத்து என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

மறுநாள் அவள் சுவரோரம் வந்து என்னைக் கூப்பிட்டாள். பார்லர் கோர்ஸில் ஒரு படம் காட்டினார்களாம். ஒரு வெள்ளைக்காரி தொட்டியில் உட்கார்ந்திருக்கிறாள், கழுத்துவரைக்கும் நுரை, தலையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. "நுரைக்குள்ள உக்காந்துகினா மாமாவுக்கு வெக்கமே இருக்காது அத்தை. உள்ள வேட்டியை அவரே கழட்டிக்கலாம், நான் கையை மட்டும் விட்டுக் கழுவுவேன்" என்றாள். சினிமாக்காரிகள் குளிக்கிற குளியலைச் சம்பந்தம் அண்ணனுக்கா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்தபிறகு சிரிக்கத் தோன்றவில்லை.

தொட்டிக்குப் பஞ்சமில்லை. எங்கள் மாடியில் வெடித்துப்போன கறுப்புத் தண்ணீர் டேங்க் ஒன்று கிடந்தது. அதை முழங்கால் உயரத்துக்கு அறுத்துப் பின்கட்டில் போட்டு, உள்ளே ஒரு மணையும் வைத்தோம். நுரைதான் ஆட்டம் காட்டியது. ஷாம்பு பாக்கெட்டுகளைப் பிய்த்துக் கொட்டினாள். எங்கள் தெரு போர் தண்ணீர் உப்பு. குடம் குடமாகக் கலக்கியும், அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி ஒரு வெளுப்பு வந்ததே தவிர நுரை வரவில்லை.

அடுத்ததாக நாங்கள் செய்தது, பட்டுக்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய முட்டாள்தனம். யோசனை என்னுடையதுதான். கச்சாப் பட்டைச் சாயம் போடுவதற்கு முன்னால் சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்கவைத்து, அதன் பசையை எடுப்பார்கள். அப்போது அண்டா நிறைய நுரை பொங்கும். முரட்டு நூல் பூப்போல வெளியே வரும். நூலுக்கு நல்லது உடம்புக்கும் நல்லதுதானே என்று, சாயப்பட்டறை சிவப்பிரகாசத்திடம் கேட்டு அந்தக் கலவையில் ஒரு வாளி வாங்கி வந்தேன். நுரை மலையாக எழுந்தது. நானும் அவளும் ஆளுக்கொரு பக்கம் அண்ணனைத் தாங்கிப் பிடித்து வேட்டி துண்டோடு உள்ளே உட்காரவைத்தோம். கழுத்துவரை நுரை. அவர் குனிந்து பார்த்தார். தன் உடம்பு தனக்கே தெரியவில்லை என்றதும் அவர் முகத்தில் வந்த நிம்மதி இருக்கிறதே, அதை நான் அதுவரை பார்த்ததில்லை.

வெளியே எடுத்தபோது தோல் செக்கச்செவேலென்று இருந்தது. நூலின் பசையையே உரிக்கிற சோடா மனிதத் தோலை விட்டுவைக்குமா? உட்கார்ந்த நிமிஷத்திலிருந்தே எரிந்திருக்கிறது. மனுஷன் மூச்சு விடவில்லை. ஏன் சொல்லவில்லை என்று பானுப்ரியா அழாக்குறையாகக் கேட்டாள். "நல்லா மூடிகினு இருந்துச்சும்மா" என்றார்.

அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் விடுகிற பெண் இல்லை. பட்டுப்புடவை அலச வைத்திருக்கும் பூந்திக்கொட்டையை எடுத்துத் தட்டி, ஊறவைத்து, கொதிக்கவிட்டு வடிகட்டினாள். அதில் பட்டே கெடாது. போர் தண்ணீரை விட்டுவிட்டு முனிசிபாலிட்டி குழாய்த் தண்ணீரைப் பிடித்து வைத்தாள். பெரிய மத்தை எடுத்துக் கடைந்தாள். பஞ்சு மாதிரி நுரை வந்தது. ஆனால் முதுகு தேய்த்து முடிப்பதற்குள் பொத்தல் பொத்தலாக உடைந்துவிடும். அண்ணன் நல்ல கையால் அக்கம்பக்கத்து நுரையை அவசரமாக இழுத்து மேலே போட்டுக்கொள்வார். பார்க்கச் சகிக்காது.

நுரை நிற்கவேண்டும் என்று தறியில் பாவு நூல் விறைப்பாக இருக்கப் போடுகிற கஞ்சியைக் கொஞ்சம் கலந்து பார்த்தோம். நுரை நின்றது. அண்ணனும் காய்ந்தபிறகு மொடமொடவென்று ஆகிவிட்டார். இனி அவரைத் தெருவில் நீட்டிக் கட்டிப் பாவு ஓட்டலாம் என்றேன். சாய்ந்து விழுந்த நாளுக்குப் பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான். கடைசியில் மருந்துக் கடையிலிருந்து கிளிசரின் வாங்கி வந்து, பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ரெண்டு கரண்டி விட்டுக் கடைந்தாள். நுரை சின்னச் சின்னதாக, நெருக்கமாக எழுந்து, குளித்து முடிக்கும்வரை அப்படியே நின்றது. கண்ணில் பட்டால் மட்டும் எரியும். அதற்கு நெற்றியில் ஒரு துண்டு கட்டிவிட்டாள்.

அதன்பிறகு தினமும் அதுதான். அண்ணனைத் தாங்கி உள்ளே உட்காரவைப்போம். நுரையைத் தோள்வரை வாரிப் போடுவாள். அவர் ஒரு கையால் அவிழ்த்த வேட்டி ஓரமாக வரும். அவள் வேறெங்கோ பார்த்துக்கொண்டு கையை உள்ளே விட்டுத் தேய்ப்பாள். முடிந்ததும் உலர்ந்த வேட்டியைத் திரைபோல விரித்துப் பிடிப்பாள், நான் தூக்குவேன், அவர் எழுந்து அதற்குள்ளேயே வருவார். ஒருநாள் தூக்கும்போது நுரை சரிந்து முதுகு தெரிந்துவிட்டது. இவ்வளவு மறைத்தாரே, தழும்போ தேமலோ இருக்கும் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். ஒன்றுமே இல்லை. சுத்தமான, சாதாரண முதுகு. நான் சட்டென்று கண்ணைத் தாழ்த்திக்கொண்டேன்.

தோலின் சிவப்பு போனது. புண் வரவே இல்லை. டாக்டர் அதிசயப்பட்டுக் கேட்டார், அவள் சொல்லவில்லை. அது வீட்டு விஷயம் என்றாள். தெருவுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. நுரை வேட்டி கட்டுகிறவர் என்று ஒரு பட்டப்பெயர் கிளம்பியது. நான் ரெண்டு பேரை வாசலில் நிறுத்திக் கேட்ட கேள்வியில் அது அடங்கியது.

தலை மட்டும் வெளியே இருக்கிற அந்த நேரத்தில் அவருக்குப் பேச்சு வந்தது. வாயே திறக்காத மனுஷன் மருமகளிடம் உண்ணாமலையைப் பற்றிச் சொன்னார். அவள் வைக்கும் மீன்குழம்பைப் பற்றி, பெண் குழந்தை வேண்டும் என்று ரெண்டு பேரும் ஆசைப்பட்டதைப் பற்றி. சட்டையைப் போட்டுப் படுக்கவைத்துவிட்டால் பழையபடி சோறு, தண்ணீர், கரண்ட்தான். மூன்று வருஷம் இப்படியே ஓடியது.

இரண்டாயிரத்து ஐந்து, ஐப்பசி. வாதம் இரண்டாவது தடவை வந்தது, தூக்கத்திலேயே போய்விட்டார். பங்காளி லோகநாதன் எல்லாவற்றையும் முன்னின்று நடத்தினார். பிணத்தை வாசலில் பெஞ்சில் கிடத்தி, உறவு முறையெல்லாம் புறங்கையால் எண்ணெய், சீயக்காய் வைத்தோம். அடுத்து குளிப்பாட்டவேண்டும். நாலு பையன்கள் ரெண்டு வேட்டியைத் திரையாகப் பிடித்தார்கள். திரை தெருவைத்தான் மறைத்தது. சுற்றிலும் புதிதாக எழும்பியிருந்த மாடிகளில் பெண்களும் குழந்தைகளும் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். லோகநாதன் சட்டைப் பொத்தானில் கை வைத்தார்.

பானுப்ரியா மேலே ஒருமுறை பார்த்தாள். எழுந்து உள்ளே போய்விட்டாள். அழப் போகிறாள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் பின்கட்டிலிருந்து மத்துக் கடைகிற சத்தம் கேட்டது. நான் திரைக்குள் போய் லோகநாதனின் கையைப் பிடித்துக்கொண்டேன். பெண்பிள்ளை உள்ளே வரலாமா என்று யாரோ கேட்டார்கள். வந்தாகிவிட்டது என்றேன்.

அவள் அண்டா நிறைய நுரையோடு வந்தாள்.

"இன்னாம்மா இது, பொணத்துக்குப் போய்? மழை வருது, ஜல்தி ஆவட்டும்" என்றார் லோகநாதன்.

அவள் அண்டாவைப் புருஷனிடம் நீட்டினாள். தமிழ்வாணன் ஒரு நிமிஷம் அப்பாவைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு இரண்டு கையாலும் நுரையை அள்ளிக் கழுத்திலிருந்து கால்வரை போட்டான். போர்த்தி முடித்தபிறகுதான் சட்டையை உள்ளேயே கழற்றி எடுத்தான். வேட்டியையும் அப்படியே எடுத்தான். மாடியில் நின்றவர்களுக்கு ஒரு முகம் மட்டும்தான் தெரிந்தது. லோகநாதன் தலையில் மட்டும் தண்ணீர் ஊற்றினார்.

பானுப்ரியா குனிந்து மாமனாரின் காதருகே சொன்னாள்.

"ஒண்ணும் தெரியல மாமா."

அதைச் சொன்னபிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.