அந்தோணியின் கேன்டீன் சாப்பாடு

1. சிவந்த முகம்

ஓசூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் டயட்டீஷியனாக இருந்தேன். ஒருநாள் அந்தோணியையும் அவர் மனைவி ஸ்டெல்லாவையும் டாக்டர் என்னிடம் அனுப்பினார். அந்தோணி, கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் சி.என்.சி. மெஷின் ஆபரேட்டர். சிறுகுடலில் நியூரோஎண்டோகிரைன் கட்டி என்ற ஒருவகைப் புற்றுநோய், கல்லீரல்வரை பரவியிருந்தது. கட்டி சுரக்கும் ஹார்மோனால் சாப்பிட்டதும் முகம் குப்பென்று சிவக்கும், வயிறு கலக்கும்.

நோய் என்னவென்று தெரிவதற்கு முன்பே கம்பெனியில் அதற்கு வேறு காரணம் கண்டுபிடித்துவிட்டார்கள்.

"சூப்பர்வைசர் கிட்ட வந்து மோந்து பாத்தாரு மேடம். 'மத்தியானமே ஊத்திக்கிட்டு வந்துட்டியா'ன்னு எல்லார் முன்னாடியும் கேட்டாரு. நான் குடிக்கிற ஆளே இல்ல" என்றார் அந்தோணி.

அன்றோடு கேன்டீனுக்குப் போவதை நிறுத்திவிட்டார். ஷிப்ட் முழுக்கப் பட்டினி. பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை.

2. தனித் தட்டு

மெடிக்கல் லீவில் வீட்டில் இருந்தார். அந்த ஹார்மோனை அடக்கும் மாத ஊசி போட ஆரம்பித்ததும் சிவப்பு குறைந்தது. ஆனால் மலத்தில் எண்ணெய் மிதந்தது. அந்த ஊசி சிலருக்குக் கொழுப்பைச் செரிக்கும் என்சைமைக் குறைத்துவிடும். டாக்டர் என்சைம் கேப்சூல் எழுதினார். "முதல் வாய் சோத்தோடயே போட்டுக்கணும்" என்று சொல்லிக் கொடுத்தேன். காரம், எண்ணெய், காபி குறைத்து, குழைந்த சாதம், பாசிப்பருப்பு, முட்டை என்று கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை சாப்பிடச் சொன்னேன்.

வயிறு அடங்கியது. எடை மட்டும் ஏறவில்லை.

"செஞ்சு வச்சிட்டுத்தான் போறேன் மேடம். வந்து பாத்தா அப்படியே இருக்கு" என்றாள் ஸ்டெல்லா. அவள் உத்தனப்பள்ளிப் பக்கம் ரோஜாப் பண்ணையில் வேலை பார்த்தாள்.

அந்தோணி தலையைத் தூக்காமல் பேசினார். "வீட்ல சத்தமே இல்ல மேடம். கேன்டீன்ல தட்டு சத்தம், எடம் புடிக்கிற சண்டை, ஒருத்தன் கன்னடத்துல கத்துவான், ஒருத்தன் தெலுங்குல திட்டுவான். அதெல்லாம் கேட்டுக்கிட்டே சாப்ட்டுப் பழகிருச்சு. தனியா உக்காந்தா தொண்டையில எறங்க மாட்டேங்குது."

என் டயட் சார்ட்டில் அதற்கு இடமே இல்லை.

3. மேசை

அவர் சம்மதத்தோடு கம்பெனிக்குப் போய், எச்.ஆரிடமும் அந்த சூப்பர்வைசரிடமும் நோயை விளக்கினேன். இடையிடையே சாப்பிட அனுமதி வேண்டும், டாய்லெட்டுக்குப் பக்கத்தில் வேலை வேண்டும் என்றேன்.

சூப்பர்வைசர், "நான் கேட்ட அன்னிக்கு அவன் ஒண்ணுமே சொல்லல மேடம். சும்மா நின்னுக்கிட்டிருந்தான்" என்றார்.

டாக்டர் சம்மதித்ததும், கருவிகள் எடுத்துக் கொடுக்கும் டூல் ரூமில் பகல் வேலை கொடுத்தார்கள். பழைய மெஷினுக்கு அவரால் திரும்ப முடியவில்லை; அதற்கு உடம்பில் தெம்பில்லை. கட்டியும் போய்விடவில்லை.

பிறகு ஒரு மதியம் எப்படி இருக்கிறார் என்று பார்க்கப் போனேன். கேன்டீனில் ஒரே இரைச்சல். நடுவில் அந்தோணி, பக்கத்தில் அந்த சூப்பர்வைசர். வீட்டு டிபன் பாக்ஸ் எப்போதோ காலியாகிவிட்டது. கை கழுவாமல் உட்கார்ந்து, மற்றவர்கள் காரக்குழம்பு பிசைவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் ஏக்கம் இருந்தது.

"சாப்ட்டு முடிச்சிட்டீங்களே, இன்னும் உக்காந்திருக்கீங்க?" என்றேன்.

"இதுக்குத்தானே மேடம் வந்தேன்" என்றார்.

அதற்கப்புறம் புதிதாக யார் வந்தாலும், என்ன சாப்பிடுகிறீர்கள் என்பதற்கு முன்னால், யாரோடு சாப்பிடுகிறீர்கள் என்றுதான் கேட்பேன்.